மேட் தாமிரப் பச்சை கிளேஸ்: எதை முதலில் சோதிப்பது?

கேட்டிருப்பது இதுதான்: வீட்டில் மின்சூளை, கோன் 6 சுடுதல் (கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் சாயும் சிறு கூம்பு; 5, 6, 7 என்று எண் கூடினால் சூடும் கூடும்). பழைய செம்புப் பாத்திரத்தில் படியும் களிம்பைப் போல, பளபளப்பில்லாத, அதாவது மேட்டான, ஒரு பச்சை கிளேஸ் (பானை மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு) வேண்டும். கைக்குக் கிடைத்த கலவையில் 4 சதவீதம் காப்பர் கார்பனேட் சேர்த்துச் சிறிய சோதனைச் சூளையில் சுட்டால் பாட்டில் பச்சையாகப் பளபளக்கிறது. பெரிய சூளையில் அதே கிளேஸ் ஓரிடத்தில் அருமையான மேட், இன்னோரிடத்தில் கறுப்பு. தாமிரத்தைக் கூட்டவா, குறைக்கவா? ரசக் கிண்ணத்துக்குப் பூசலாமா?

இப்போதைக்குத் தாமிரத்தைத் தொடவே வேண்டாம். ரசக் கிண்ணத்தின் உட்புறத்துக்கு எப்போதுமே வேண்டாம். இதில் இரண்டாவதை உடனே ஒப்புக்கொண்டுவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். முதலாவதுக்குத்தான் நீளமாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாமிரப் பச்சையைத் தேடுகிறவர்கள் எல்லோரும் தாமிரத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நிறம் அதிலிருந்துதானே வருகிறது என்ற எண்ணம். ஆனால் உங்கள் சிக்கல் நிறமே இல்லை. மேட் தன்மை நிலையாக இல்லை என்பதுதான். அதைத் தீர்மானிப்பவை இரண்டு: தாமிரம் இல்லாத அடிப்படைக் கலவையும், சூளை ஆறும் வேகமும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்ட பிறகு தாமிரத்துக்கு வந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

பளபளப்பில்லாமல் போவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கிளேஸ் நன்றாக உருகி, ஆறும்போது அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் வளர்வது. கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் (ஜிங்க்), பேரியம் எல்லாம் இதைச் செய்யும். தொட்டால் பட்டுப் போல இருப்பது இந்த வகை. இரண்டாவது, அலுமினா (களிமண்ணிலும் ஃபெல்ட்ஸ்பாரிலும் இருப்பது) கூடுதலாக இருந்து, உருகிய கிளேஸ் இறுகிப்போய், மேற்பரப்பு சமமாகப் படியாமல் நிற்பது. மூன்றாவது, கிளேஸ் சரியாக உருகவே இல்லை என்பது. இது மேட் இல்லை, வேகாத கிளேஸ். மூன்றும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், அதுதான் தொல்லை. வித்தியாசம் பார்க்க ஒரே வழி, கிளேஸ் பூசிய அதே சோதனை டைலை இன்னும் ஒரு கோன் மேலே சுட்டுப் பார்ப்பது. கோன் 7-லும் மேட்டாகவே நின்றால் அது உண்மையான மேட். பளபளப்பாகிவிட்டால் நீங்கள் கோன் 6-ல் பார்த்தது அரைவேக்காடு. அரைவேக்காட்டுக் கிளேஸில் தாமிரம் போட்டால் அது கண்ணாடிக்குள் கட்டுப்படாமல் நிற்கும். புளிப்பு பட்டதும் இறங்கிவிடும்.

1912-ல் ஆர். டி. ஸ்டல் என்ற அமெரிக்கர் இந்த விஷயத்தில் பெரிய வேலை ஒன்றைச் செய்து வைத்தார். உருக்கிகளை, அதாவது கிளேஸை உருக வைக்கும் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும், ஒரே அளவில் நிறுத்தி, அலுமினாவையும் சிலிக்காவையும் மட்டும் படிப்படியாக மாற்றிச் சுட்டு, எங்கே பளபளப்பு, எங்கே மேட், எங்கே உருகாமல் நிற்கிறது என்று ஒரு வரைபடம் போட்டார். அவர் சுட்டது கோன் 11-ல். நம் கோன் 6-க்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் அதில் ஒரு விஷயம் இன்றும் கைகொடுக்கிறது. சிலிக்காவும் அலுமினாவும் மூலக்கூறு கணக்கில் ஏறத்தாழ 5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் கீழே இருந்தால் மேட் பக்கம், அதற்கு மேலே போகப் போகப் பளபளப்புப் பக்கம். இதை விதியாக எடுத்துக்கொள்ளாமல் திசைகாட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு அடிப்படைக் கலவை. பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் (பொட்டாசியம் உள்ள கனிமத் தூள்) 50, வைட்டிங் (கால்சியம் கார்பனேட்) 20, சைனா கிளே (வெள்ளைக் களிமண்) 20, ஜிங்க் ஆக்ஸைடு 10. மொத்தம் 100. எல்லாம் நம் ஊர்ப் பக்கம் சிரமமில்லாமல் கிடைக்கும் பொருள்கள், ஃப்ரிட் (முன்பே உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) எதுவும் வேண்டாம். புத்தகத்தில் இருக்கும் தூய கனிம வாய்பாடுகளை வைத்துக் கணக்குப் போட்டால், உருக்கிகள் எல்லாம் சேர்ந்து 1 என்றால் அலுமினா சுமார் 0.40, சிலிக்கா சுமார் 1.7. விகிதம் 4-க்குச் சற்று மேல். அதாவது நன்றாக மேட் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் சிலிக்கா 1.7 என்பது ரொம்பக் குறைவு. இப்படிப்பட்ட கிளேஸ் கைக்கு இதமாக இருக்கும், அமிலத்துக்குத் தாங்காது. இதை அப்படியே பானையில் பூசச் சொல்லவில்லை. இது ஒரு முனை. மறுமுனையை நாம் செய்யப் போகிறோம்.

மறுமுனை என்பது அதே கலவையோடு 20 பங்கு குவார்ட்ஸ் (சிலிக்காத் தூள்) சேர்த்தது. அப்போது சிலிக்கா சுமார் 2.5, விகிதம் 6-ஐத் தாண்டிவிடும். நடுவில், 10 பங்கு குவார்ட்ஸில், விகிதம் கிட்டத்தட்ட 5. ஆக, இந்த இரண்டு முனைகளுக்கு நடுவே எங்கேயோ மேட் முடிந்து பட்டுப் பளபளப்பு ஆரம்பிக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் சோதனை. நமக்கு வேண்டியது மிகவும் மேட்டான டைல் இல்லை. மேட் தன்மை போகாத அளவில் எவ்வளவு சிலிக்காவை உள்ளே ஏற்ற முடியும் என்பதுதான். சிலிக்கா கூடக் கூட கிளேஸ் உறுதியாகும்.

ஒவ்வொரு டைலுக்கும் தனித்தனியாக எடை போட வேண்டாம். இரண்டு வாளி போதும். முதல் வாளியில் அடிப்படைக் கலவை 200 கிராம், தண்ணீர் சேர்த்து மொத்தம் 300 மில்லி. இரண்டாவது வாளியில் அதே 200 கிராமோடு குவார்ட்ஸ் 40 கிராம், அதையும் தண்ணீர் சேர்த்து மொத்தம் அதே 300 மில்லி. இரண்டையும் 80 மெஷ் சல்லடையில் இரண்டு முறை சலிக்க வேண்டும். இப்போது இரண்டிலும் ஒரு மில்லிக்கு ஒரே அளவு அடிப்படைக் கலவை இருக்கிறது. குவார்ட்ஸ் மட்டும்தான் வேறுபடும். இனி ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தால் போதும். முதல் கிளாஸில் முதல் வாளியிலிருந்து 60 மில்லி. அடுத்ததில் 45-ம் 15-ம். அடுத்தது 30-ம் 30-ம். அப்புறம் 15-ம் 45-ம். கடைசியில் இரண்டாவது வாளி மட்டும் 60. ஐந்து கிளாஸ், குவார்ட்ஸ் 0, 5, 10, 15, 20. சிரிஞ்சில் உறிஞ்சுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் வாளியை அடிவரை கலக்குங்கள். ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் அரை நிமிடத்தில் கீழே இறங்கத் தொடங்கிவிடும். கலக்காமல் எடுத்த 15 மில்லியில் பாதி வெறும் தண்ணீராக இருக்கும். இப்படி இரண்டு முனைகளைப் படிப்படியாகக் கலந்து பார்க்கும் 'லைன் பிளெண்ட்' எல்லாம் பொய் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த வரிசையில் தாமிரமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வெள்ளையாகத்தான் வரும், பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. பொறுமையாக இருங்கள்.

டைலைப் பற்றி. தட்டையான சதுர டைல் தாமிரக் கிளேஸுக்குப் பிரயோஜனமில்லை. படுத்துக் கிடக்கும் டைலில் எந்தக் கிளேஸும் நல்ல பிள்ளையாக இருக்கும். நின்றால்தான் ஓடுமா என்று தெரியும். சக்கரத்தில் அடியில்லாத ஒரு வளையம் இழுத்து, உள்பக்கம் ஒரு சிறு பாதம் இருக்கும்படி விட்டு, தோல் பதத்தில் (மண் பாதி காய்ந்த நிலையில்) துண்டு துண்டாக வெட்டினால் 'எல்' வடிவத்தில் நிற்கும் டைல்கள் ஒரே மூச்சில் கிடைக்கும். மேல் ஓரத்தில் கூர்மையான விளிம்பு ஒன்று, நடுவில் சீப்பால் கீறிய கோடுகள், கீழே வெறுமையான இடம். விளிம்பில் கிளேஸ் மெலிந்து என்ன நிறமாகிறது, கீறலுக்குள் தேங்கினால் என்னாகிறது என்று ஒரே டைலில் தெரிந்துவிடும். எண்ணைப் பின்பக்கம் இரும்பு ஆக்ஸைடால் எழுதுங்கள்; பென்சிலில் எழுதினால் சூளையில் எரிந்து போகும்.

ஒவ்வொரு டைலையும் மூன்று படியாக முக்குங்கள்: முழுதும் ஒரு முறை, மேல் மூன்றில் இரண்டு பங்கு இரண்டாம் முறை, மேல் மூன்றில் ஒரு பங்கு மூன்றாம் முறை. ஒவ்வொரு முறையும் மூன்று எண்ணும் நேரம். தாமிர மேட்டுக்குப் பூச்சின் கனம் உயிர்நாடி. மெல்லிய இடத்தில் களிமண் உள்ளிருந்து எட்டிப்பார்த்துப் பழுப்பாகும். கனமான இடத்தில் ஒளி புகாத பச்சை. மிகக் கனமானால் கறுத்துவிடும், அல்லது சுருண்டு ஒதுங்கும். உங்கள் பெரிய சூளையில் கறுப்பு வந்த பானையை எடுத்து, கறுத்த இடம் பூச்சு தேங்கிய இடமா, வழிந்து சேர்ந்த அடியா என்று பாருங்கள். அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

களிமண்ணும் முக்கியம். வெள்ளை ஸ்டோன்வேரில் (உயர்சூட்டில் கெட்டியாகும் மண்) பச்சை பச்சையாக இருக்கும். இரும்பு கலந்த மண்ணில் அதே கிளேஸ் ஆலிவ் நிறத்துக்கும் காக்கிக்கும் நடுவே போகும். எனக்கு அதுவும் பிடிக்கும், களிம்புக்கு அது இன்னும் பொருத்தம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் நீங்கள் பானை செய்யும் மண்ணிலேயே டைலும் செய்யுங்கள். பிஸ்க் (கிளேஸ் பூசுவதற்கு முன் சுடும் முதல் சுடுதல்) சூடும் அதேதான். பிஸ்க் மென்மையாகச் சுடப்பட்டிருந்தால் கிளேஸை அதிகம் உறிஞ்சும், கனம் மாறிவிடும்.

சரி, சூளைக்கு வருவோம். உங்கள் கேள்விக்கான உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

சிறிய சோதனைச் சூளையின் சுவர் மெலிது, உள்ளே சரக்கும் குறைவு. மின்சாரத்தை நிறுத்தியதும் அது விறுவிறுவென்று ஆறிவிடும். முதல் ஒரு மணி நேரத்திலேயே பல நூறு டிகிரி இறங்கும். படிகம் வளர நேரமே இல்லை. உருகிய கண்ணாடி உருகியபடியே உறைகிறது, பளபளக்கிறது. பெரிய சூளையில் தடித்த செங்கல், தட்டுகள், பானைகள் எல்லாம் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது மெதுவாக ஆறும், படிகங்கள் வளரும், மேட் வரும். அதிலும் நடுத்தட்டு ஆறும் வேகம் வேறு, மூடியை ஒட்டிய மேல்தட்டு ஆறும் வேகம் வேறு. ஒரே கலவை இரண்டு முகம் காட்டியது இதனால்தான். கலவையில் கோளாறு இல்லை.

எனவே இரண்டாவது சோதனை, ஆறும் வேகத்துக்கானது. கன்ட்ரோலர் இருக்கும் சூளை என்றால் எளிது. கடைசி 100 டிகிரியை மணிக்கு 60 டிகிரி வேகத்தில் ஏற்றுங்கள். அந்த வேகத்தில் ஆர்ட்டன் நிறுவனத்தின் பெரிய கோன் 6 சாய்வது சுமார் 1,222 டிகிரி செல்சியஸில். ஆனால் கன்ட்ரோலர் காட்டும் எண்ணை நம்பி உட்கார வேண்டாம். டைல்களுக்குப் பக்கத்திலேயே கோன் 5, 6, 7 மூன்றையும் நிறுத்தி வையுங்கள். சுட்ட பிறகு 5 முழுதாகப் படுத்து, 6 தலை குனிந்து, 7 நிமிர்ந்து நின்றால் அந்த டைலின் முடிவை நம்பலாம். அப்புறம் 1,100 வரை தானாக ஆற விடுங்கள். 1,100-லிருந்து 800 வரை மணிக்கு 60 டிகிரி வீதம் இறக்குங்கள். இந்த 5 மணி நேரத்துக்குத்தான் மின்கட்டணம் கூடும். அதற்குக் கீழே சூளை தன் விருப்பப்படி ஆறட்டும்.

குவார்ட்ஸ் வரிசையை இரண்டு தொகுதியாகச் செய்து, ஒன்றை வேகமாக ஆறும் சுடுதலிலும் மற்றொன்றை இப்படி மெதுவாக ஆற்றியும் சுடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்துப் பார்க்கும்போது புரியும்: வேகமாக ஆறியதில் 0-வும் 5-ம் மட்டும் மேட்டாக இருக்கலாம், மெதுவாக ஆறியதில் 10 வரைக்கும்கூட மேட் நீளலாம். இந்த நீட்டிப்பு நமக்கு லாபம். கூடுதல் சிலிக்கா உள்ள, உறுதியான கிளேஸையே மேட்டாக வைத்திருக்க முடிகிறதே. மெதுவாக ஆற்ற வழியில்லை, சூளையில் வெறும் ஸ்விட்ச்தான் இருக்கிறது என்றால், சரக்கை நெருக்கமாக அடுக்குங்கள். சுடுதல் முடிந்ததும் ஒரு ஸ்விட்ச்சை மட்டும் குறைந்த நிலையில் சில மணி நேரம் போட்டு வையுங்கள். துல்லியம் இருக்காது, பலன் இருக்கும்.

இப்போதுதான் தாமிரம்.

முதலில் எந்தத் தாமிரம். காப்பர் கார்பனேட் வெளிர்பச்சைத் தூள், மிக நுண்ணியது, கிளேஸில் சமமாகக் கலக்கும். காப்பர் ஆக்ஸைடு கறுப்பு, வீரியம் கூட. தோராயமாக ஒரு பங்கு ஆக்ஸைடுக்கு ஒன்றரைப் பங்கு கார்பனேட். ஆக்ஸைடின் துகள் பருமனாக இருந்தால் புள்ளி புள்ளியாகக் கறுப்பு விழும். அந்தப் புள்ளி வேண்டும் என்று போடுகிறவர்களும் உண்டு. கடையில் கார்பனேட் இல்லை என்று மயில்துத்தத்தை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். அது தண்ணீரில் கரையும். பிஸ்க்குக்குள் ஊறி, காயும்போது விளிம்புக்கு ஏறி, பானையின் மறுபக்கத்தில் பச்சை கக்கும். தோலுக்கும் ஆகாது.

அடுத்து, தாமிரம் நிறம் மட்டும் தருவதில்லை. அது ஒரு நல்ல உருக்கி. பலர் கோட்டை விடும் இடம் இது. மேலே சொன்ன கலவையில் 4 பங்கு காப்பர் கார்பனேட் சேர்த்தால் உருக்கிகளின் மொத்தம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடிவிடுகிறது. தாமிரமில்லாமல் பட்டு மேட்டாக இருந்த டைல், தாமிரம் சேர்த்ததும் லேசாக மினுங்கும், கொஞ்சம் ஓடவும் செய்யும். அதனால் குவார்ட்ஸ் வரிசையில் மேட் முடியும் டைலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதற்கு ஒரு படி முன்னால் இருப்பதை எடுங்கள். அல்லது சைனா கிளேயை இரண்டு, மூன்று பங்கு கூட்டிச் சரிசெய்யுங்கள். அதிகம் கூட்டினால் பூச்சு காயும்போது வெடிப்பு விட்டு, சூளையில் சுருண்டு ஒதுங்கும். பாதி கிளேயை முன்கூட்டியே சுட்டுத் தூளாக்கிச் சேர்த்தால் இந்தத் தொல்லை குறையும். சுடாத ஜிங்க் ஆக்ஸைடுக்கும் இப்படி வெடித்துச் சுருள வைக்கும் குணம் உண்டு.

தேர்ந்தெடுத்த அடிப்படையில் கார்பனேட் 0-விலிருந்து 6 சதவீதம் வரை, முன்போலவே இரண்டு வாளி, ஐந்து கிளாஸ். 1.5-ல் வெளிறிய பச்சை, 3-ல் நல்ல பச்சை, 4.5-ல் அடர்த்தி, 6-ல் கறுப்புச் சாயல். இது தோராயமான போக்கு, உங்கள் சூளை கொஞ்சம் முன்பின் தள்ளும். கறுப்பு ஏன் வருகிறது என்றால், கண்ணாடிக்குள் கரைந்திருக்கும் வரை தாமிரம் பச்சை. கரைய முடியாத அளவுக்குச் சேர்ந்துவிட்டால், ஆறும்போது மேற்பரப்பில் காப்பர் ஆக்ஸைடாகவே வெளியேறி மெல்லிய கறுப்புப் படலமாக நிற்கும். மெதுவாக ஆற்றினால் அதற்கும் கூடுதல் நேரம் கிடைக்கிறது. மேட் வேண்டுமென்று மெதுவாக ஆற்றுகிற நாம் அதே காரணத்தால் தாமிரத்தைக் குறைத்துத்தான் போட வேண்டும். உங்கள் 4 சதவீதம் வேகமாக ஆறும் சூளைக்குச் சரி. மெதுவாக ஆற்றப் போகிறீர்கள் என்றால் 2.5-ஐ ஒட்டித் தொடங்குங்கள்.

இந்தப் படலத்தோடு பழகியவர்கள் ஜப்பானின் ஓரிபே பாண்டக்காரர்கள். தேநீர் ஆசான் ஃபுருட்டா ஓரிபேயின் பெயரால் வழங்கும் அந்தப் பச்சை, 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மினோ பகுதியில் செழித்த தாமிரக் கிளேஸ். அது மேட் இல்லை, கண்ணாடிப் பச்சை. ஆனாலும் சுட்டு எடுத்ததும் அதன் மேல் எண்ணெய் படிந்த மாதிரி ஒரு மங்கல் படலம் நிற்கும். அதை நீக்க, கருவாலிக் கொட்டையின் கிண்ணங்களை ஊறவைத்த துவர்ப்பு நீரில் பாண்டங்களை முக்கி வைப்பார்கள். லேசான அமிலம் படலத்தைக் கரைத்து உள்ளிருக்கும் பச்சையை வெளிக்கொண்டு வரும். உங்கள் மேட் டைலில் கறுப்பு மெல்லியதாக இருந்தால் நீங்களும் வினிகரில் ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம். அலங்காரப் பொருளுக்கு நல்ல உத்தி. ஆனால் அந்த வினிகர் எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று யோசித்தால் ரசக் கிண்ணக் கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

நிறத்தின் சாயலைத் திருப்ப வேண்டுமானால், அடிப்படையில் எந்த உருக்கி இருக்கிறது என்பதைத்தான் மாற்ற வேண்டும். சோடியம் தூக்கலாக இருந்தால் தாமிரம் நீலப்பச்சைக்குப் போகும். பழங்கால எகிப்தியர்கள் செய்த ஃபயான்ஸ் என்ற நீலப் பளபளப்புப் பொருள்கள் அந்த வழிதான். மெக்னீசியம் கூடினால் பச்சை சாம்பல் பூத்து மந்தமாகும். டைட்டானியம் டைஆக்ஸைடு அல்லது ரூடைல் (இரும்பு கலந்த டைட்டானியம் தாது) 3, 4 சதவீதம் சேர்த்தால் மஞ்சள் கலந்து பாசி பிடித்த சுவர் மாதிரி வரும், மேட்டுக்கும் துணை செய்யும். நீங்கள் கேட்ட களிம்பு நிறம் சோடியத்துக்கும் ரூடைலுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரில் பாதியைச் சோடா ஃபெல்ட்ஸ்பாராக மாற்றி, ரூடைல் 2 சதவீதம் என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

பேரியம் கார்பனேட்டைப் பற்றிக் கட்டாயம் உங்கள் காதில் விழுந்திருக்கும். பேரியமும் தாமிரமும் சேர்ந்தால் வரும் மேட் நீலப்பச்சைக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எலி மருந்தாகப் பயன்பட்ட பொருள். அந்தக் கிளேஸ்கள் பெரும்பாலும் அமிலத்துக்குத் தாங்குவதுமில்லை. வீட்டில், சமையலறைக்குப் பக்கத்தில் கலக்குகிற ஒருவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தாமிரத்துக்கு இன்னொரு பழக்கம்: ஆவியாகிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். கோன் 6 சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஒட்டி வைத்த வெள்ளைப் பானையில் பச்சை நிழல் விழும். சோதனை டைல்களிலும் இது குழப்பும்: 0 சதவீத டைலை 6 சதவீத டைலுக்கு ஒட்டி வைத்துவிட்டு அதில் தெரியும் லேசான பச்சையைப் பார்த்து மண்டை காய வேண்டாம். இடைவெளி விடுங்கள். தட்டைக் காப்பாற்ற ஒவ்வொரு டைலுக்கும் அடியில் மண்ணால் செய்த சிறு வில்லை ஒன்று வையுங்கள்.

எரிவாயு சூளை வைத்திருக்கும் நண்பர் 'என்னிடம் சுடலாம்' என்று சொன்னால் இந்தக் கலவையோடு போகாதீர்கள். சூளைக்குள் காற்று குறைந்தால் தாமிரம் சிவப்புக்குத் திரும்பும், ஜிங்க் ஆவியாகிப் போய்விடும். அதேபோல, புதுச்சேரி, ஆரோவில் பக்கத்துக் கலைஞர்களிடமிருந்து கலவை கிடைத்தால் அது எந்தக் கோனுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழிவந்த ஸ்டோன்வேர் மரபு அங்கே வலுவானது. அந்த மரபின் கலவைகளில் பல உயர்சூட்டுக்கானவை. கோன் 10-க்கான மேட்டைக் கோன் 6-ல் சுட்டால், முதலில் சொன்ன அரைவேக்காடுதான் கிடைக்கும்.

இனி ரசம். நம் வீடுகளில் பித்தளை, செம்புப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் (டின்) பூசாமல் புளி சேர்த்துச் சமைக்க மாட்டார்கள். களிம்பேறிய செம்பைப் பளிச்சென்று ஆக்கத் தேய்ப்பதும் அதே புளிதான். புளிக்கும் தாமிரத்துக்கும் என்ன உறவு என்பது பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான். கிளேஸில் தாமிரம் நன்றாகக் கட்டுண்டிருந்தால் புளியால் அதை இழுக்க முடியாது. ஆனால் மேட் கிளேஸ், அதுவும் சிலிக்கா குறைந்த, ஜிங்க் கலந்த மேட் கிளேஸ், இந்த விஷயத்தில் பலவீனமான வகை. தாமிரம் சேர்ந்ததும் இன்னும் பலவீனமாகும்.

வீட்டுச் சோதனை செய்யத்தான் வேண்டும். டைலின் பாதி மட்டும் முங்கும்படி வினிகரில் வைத்து மூடி 24 மணி நேரம் விடுங்கள். இன்னொரு டைலைக் கெட்டியான புளிக்கரைசலில். எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தாலும் சரி. எடுத்துக் கழுவிக் காயவைத்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். முங்கிய பகுதிக்கும் முங்காத பகுதிக்கும் நடுவே கோடு தெரிந்தால், நிறம் வெளிறியிருந்தால், அந்தக் கிளேஸ் உணவுக்குத் தோற்றுவிட்டது. டைல் ஊறிய வினிகரில் அம்மோனியாவைக் கூடுதலாக விட்டால், தாமிரம் நிறைய இறங்கியிருக்கும் பட்சத்தில் அடர் நீலமாகும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். நீலம் வராததை வைத்துப் பாதுகாப்பு என்று முடிவு கட்டவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவும் இறங்கலாம். குடிநீரில் தாமிரம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அந்த அளவையெல்லாம் கண்ணால் பிடிக்க முடியாது, ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பும்போது 'தாமிரம்' என்று எழுதிக் கேளுங்கள். பாண்டங்களுக்கான ஐஎஸ்ஓ 6486 சோதனை, 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் ஊறவைத்துப் பார்ப்பது. அது ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் உரியது. அதில் 'தேர்ச்சி' என்று வந்தால் தாமிரத்தைப் பற்றி எதுவும் சொன்னதாக ஆகாது.

ஈயம் என்றதும் ஒன்று. விலை மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத ஃப்ரிட்டில் ஈயம் இருக்கலாம். ஈயக் கிளேஸில் தாமிரம் சேர்த்தால் ஈயம் வெளியேறுவது பல மடங்கு கூடும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதித் தராத ஃப்ரிட்டைத் தாமிரத்தோடு சேர்க்கவே கூடாது.

ஆகவே கிண்ணம் செய்யுங்கள், வெளிப்புறத்துக்கு இந்தப் பச்சையைப் பூசுங்கள், உட்புறத்துக்கும் வாய் வைக்கும் விளிம்புக்கும் நிறமூட்டி எதுவும் இல்லாத, பளபளப்பான, உறுதியான வெள்ளைக் கிளேஸோ நிறமற்ற கிளேஸோ பூசுங்கள். விளிம்புக்குக் கீழே அரை அங்குலம் வரை அந்தக் கிளேஸ் வந்து நிற்கட்டும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் தாமிரம் கொஞ்சம் ஓடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஸ்பூன் உரசும் இடத்தில் மேட் கிளேஸ் எப்படியும் சாம்பல் கோடு வாங்கும், அது போகவே போகாது. உட்புறத்தில் மேட்டைத் தவிர்க்க அதுவும் ஒரு காரணம். வெளிப்புற டைலையும் ஒரு ஸ்பூனால் அழுத்திக் கீறி, டீ டிகாக்ஷனை ஒரு மணி நேரம் நிற்க விட்டுக் கறை பிடிக்கிறதா என்று பாருங்கள். சோப்பில் போகாத கறை என்றால் மேற்பரப்பு இன்னும் சொரசொரப்பு. குவார்ட்ஸை ஒரு படி ஏற்றுங்கள்.

கலக்கும்போது என்-95 முகமூடி போடுங்கள். தாமிரத்துக்காக மட்டுமல்ல, குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சிந்தியதைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். வாளி கழுவிய தண்ணீரைச் செடிக்கோ சிங்க்கிலோ ஊற்ற வேண்டாம். ஒரு பழைய டிரம்மில் சேர்த்து வையுங்கள், அடியில் வண்டல் படியும். வண்டலைக் காயவைத்து, ஒரு பிஸ்க் கிண்ணத்தில் போட்டுச் சுட்டுக் கட்டியாக்கி ஒதுக்கிவிடலாம்.

டைல் பிடித்துவிட்டால் உடனே 5 கிலோ கலக்கிவிடாதீர்கள். 1 கிலோ கலக்கி, 2 சதவீதம் பெண்டோனைட் (கலவை அடியில் படியாமல் தடுக்கும் நுண்களிமண்) சேர்த்து, அடர்த்தியை 1.45-க்கு (ஒரு மில்லிக்கு 1.45 கிராம்) கொண்டுவந்து, ஒரே மாதிரி மூன்று சிறு குடுவைகளில் பூசி, மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரித்து வைத்து நிறைசூளையாகச் சுடுங்கள். மூன்றுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு கோன் தொகுதி. மூன்று குடுவையும் மூன்று விதமாக வந்து, கோன்களும் மூன்று விதமாகச் சாய்ந்திருந்தால், திருத்த வேண்டியது சூளையை அடுக்கும் விதம். கோன்கள் ஒன்றுபோலச் சாய்ந்தும் குடுவைகள் வேறுபட்டால், ஆறும் வேகம்தான் தட்டுக்குத் தட்டு மாறுகிறது. அப்போது இந்தக் கிளேஸை ஒழுங்காக ஆறுகிற தட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றத் தட்டுகளில் வேறு சரக்கைச் சுடுங்கள்.